தட்டைப்புழுக் கேள்வியில் புள்ளி எங்கே போகிறது?

மலேசியாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான எஸ்.டி.பி.எம். உயிரியலில் பிளாட்டிஹெல்மின்தஸ், அதாவது தட்டைப்புழுத் தொகுதி, சின்னப் பகுதிதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். அப்படியும் புள்ளி குறைகிறது என்றால், பண்புகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதுதான் காரணம். தட்டையான உடலிலிருந்து தொடங்குங்கள். இரத்த ஓட்ட மண்டலமும் இல்லை, சுவாச உறுப்பும் இல்லை. ஆக்சிஜன் உடல் மேற்பரப்பு வழியாகப் பரவித்தான் செல்களை எட்ட வேண்டும். தூரம் குறைந்தால்தான் அது நடக்கும், அதனால் உடல் தட்டை. சத்தைச் சுமக்க இரத்தம் இல்லாததால் தனித்து வாழும் தட்டைப்புழுவான பிளனேரியாவிலும் ஈரல்புழுவிலும் குடலே கிளைவிட்டு உடலெங்கும் ஓடுகிறது. “தட்டையானது” என்று நிறுத்தினால் அது வெறும் பண்பு. “பரவல் தூரம் குறைகிறது” என்பதையும் எழுதுங்கள்.

தட்டைப்புழுவின் உடலிலுள்ள சுடர்ச்செல்லைக் கழிவு நீக்க உறுப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். நன்னீர்ப் பிளனேரியாவுக்குள் சவ்வூடுபரவலால் புகும் மிகுதி நீரை வெளியேற்றுவதே அதன் முதன்மை வேலை. அம்மோனியா பெரும்பாலும் உடல் மேற்பரப்பு வழியே போய்விடும்.

செய்முறையில் பலர் தடுமாறுவது ஈரல்புழுவின் குறுக்குவெட்டில். சிலைடு முழுக்க ஓட்டைகளாகத் தெரியும், உடனே ‘உடற்குழி’ என்று குறித்துவிடுவார்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டி ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். செல்கள் வரிசையாகச் சூழ்ந்திருந்தால் பெரும்பாலும் குடல் கிளை, உள்ளே முட்டைகள் இருந்தால் கருப்பை. உறுப்புகளுக்கு இடைப்பட்ட இடத்தை அடைத்திருக்கும் பாரன்கைமா திசுவைக் கட்டாயம் பெயரிடுங்கள். உடற்குழியற்ற விலங்கு என்பதற்கு அதுதான் சான்று.

நாடாப்புழு எந்த இனம் என்று அறிய, அதன் முட்டை நிறைந்த துண்டத்தில் கருப்பையின் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கம் கிளம்பும் முதன்மைக் கிளைகளை மட்டும் எண்ணுங்கள். நுனியில் பிரியும் சிறு கிளைகள் கணக்கில் சேராது. பன்றி நாடாப்புழுவில் 7 முதல் 13, மாட்டு நாடாப்புழுவில் 12 முதல் 30. எண்ணிக்கை 12, 13 என்று வந்தால் அதை நம்பாமல் தலையைப் பாருங்கள்: கொக்கிகள் இருந்தால் பன்றி நாடாப்புழு.

வாழ்க்கைச் சுழற்சியில் ஈரல்புழுவின் வரிசையை அப்படியே இரத்தக்குழாயில் வாழும் ஷிஸ்டோசோமா புழுவுக்கும் எழுதுவது வழக்கமான பிழை. ஷிஸ்டோசோமாவில் ரெடியா, மெட்டாசெர்கேரியா என்ற இளநிலைகள் இரண்டும் இல்லை. செர்கேரியா என்ற நீந்தும் இளநிலை நேரே தோலைத் துளைத்து நுழையும். ஆண், பெண் தனித்தனி. உதாரணம் கேட்டால் தீபகற்ப மலேசியாவிலிருந்து 1988இல் விவரிக்கப்பட்ட ஷிஸ்டோசோமா மலாயென்சிஸை எழுதலாமே!

வகைப்பாட்டில் டர்பெல்லேரியா (பெரும்பாலும் தனித்து வாழ்பவை), மோனோஜீனியா, டிரெமடோடா (ஈரல்புழு போன்றவை), செஸ்டோடா (நாடாப்புழுக்கள்) என்ற நான்கு வகுப்புகள் கொண்ட பழைய பிரிவே தேர்வுக்குப் போதும். டர்பெல்லேரியா ஒரே மூதாதையின் முழுக் கிளை அல்ல என்பதையும், மற்ற மூன்றும் நியோடெர்மேட்டா என்ற ஒரே கிளைக்குள் வருவதையும் கட்டுரை வினாவில் ஒரு வரியில் தொட்டுக் காட்டினால் நல்லது.

பினாங்கில் மழை விட்டதும் பூந்தொட்டியைத் தூக்கினால் சுத்தியல் தலையோடு பைபேலியம் என்ற நிலவாழ் தட்டைப்புழு அகப்படலாம். இதுவும் டர்பெல்லேரியாதான். வெறுங்கையால் தொடாதீர்கள், சில இனங்களில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு உண்டு. ஈரக் காகிதத்தால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, தட்டுக்கு அடியிலிருந்து பாருங்கள். வாய் தலையில் இருக்காது, வயிற்றுப்புறத்தின் நடுப்பகுதியில் இருக்கும். பிளனேரியா படத்தில் பலர் தவறாக வரையும் இடமும் இதுவே.