பாளையங்கோட்டை வெயிலில் ஒரு ஜப்பானிய சீஸ்கேக்

இந்தக் கேக்கில் பேக்கிங் பவுடரும் கிடையாது, சோடாவும் கிடையாது. அது உப்பி எழுவதெல்லாம் முட்டை வெள்ளையில் நாம் அடித்து ஏற்றும் காற்றால்தான். அந்தக் காற்றைக் கடைசிவரை காப்பாற்றினால் கேக் வந்துவிடும். பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுச் சின்ன ஓடிஜி மின் அடுப்பில், அப்படித்தான் எனக்குக் கைகூடியது.

ஒசாகாவின் ரிக்குரோ கடை வீடியோக்களைப் பார்த்துதான் ஆசை வந்தது. அடுப்பிலிருந்து எடுத்ததும் மணி அடித்து, கேக்கின் மேல் ஒரு தாத்தா முகத்தைச் சூட்டு முத்திரையாகப் பதிப்பார்கள். அடியில் உலர்திராட்சை இருக்கும். எங்கள் ஆச்சிக்குப் பல் கிடையாது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கைக்கூடப் பாலில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவாள். மெல்லவே வேண்டாத இந்தக் கேக்கை அவளுக்குச் செய்து கொடுத்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

முதலில் கிரீம் சீஸ். நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்திருந்ததை வாங்காதீர்கள், உறைந்து இளகினால் திரிதிரியாகிவிடும். பன்னீரை அரைத்துப் போடலாம், கட்டித்தயிர் போடலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பன்னீரில் அந்த வழவழப்பு வராது, தயிரில் கொழுப்பு போதாது. செலவு கொஞ்சம் கூடினாலும் கிரீம் சீஸே வாங்கிவிடுங்கள்.

எட்டு அங்குல டின்னுக்கு என் அளவு இது: கிரீம் சீஸ் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், பால் 100 மில்லி, முட்டை 5, சர்க்கரை 100 கிராம், மைதா 50 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 15 கிராம், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சீஸ், வெண்ணெய், பால் மூன்றையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கட்டியில்லாமல் இளக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மஞ்சள் கருவைச் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஊற்றினால் கரு வெந்துவிடும். அப்புறம் மாவுகளைச் சலித்துக் கலந்து, எல்லாவற்றையும் ஒருமுறை வடிகட்டிவிடுவேன்.

இனி முட்டை வெள்ளை. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு துளி மஞ்சள் கருவோ இருந்தால் நுரை சரியாக எழாது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் பிசுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும், அதனால் எவர்சில்வர்தான். வெள்ளையை வெளியில் வைத்து ஜில்லிப்பு தணிந்த பிறகு அடிக்கச் சொல்லிப் பல குறிப்புகளில் இருக்கும். நம் சித்திரை வெயிலுக்கு அது ஒத்துவராது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு அடித்தால் நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் நுரை சன்னமாக, உறுதியாக நிற்கும். எலுமிச்சைச் சாறும் அந்த உறுதிக்குத்தான். சர்க்கரையை மூன்று தடவையாகத் தூவி அடித்து, பீட்டரைத் தூக்கினால் நுனி எழுந்து வளைகிற பதத்தில் நிறுத்திவிட வேண்டும். விறைப்பாக நிற்கும்வரை அடித்தால் அடுப்பில் வேகமாக எழும்பி, மேலே வெடித்து, அப்புறம் அமுங்கிவிடும். கோடையில் நான் விடியற்காலையில்தான் இந்த வேலையைத் தொடங்குவேன். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் விழுந்து இங்கேயும் காற்று குளிர்ந்துவிட்டால் எந்த நேரமும் சரிதான்.

நுரையை மூன்று பங்காகச் சேர்க்க வேண்டும். இட்லி மாவைக் கைவிட்டு அளைகிற மாதிரி இங்கே அளையக் கூடாது. அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துப் போட்டு, வெள்ளைக் கோடு மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

டின்னின் ஓரத்தில் பட்டர் பேப்பரை விளிம்புக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கும்படி சுற்றுவேன். அடியில் கறுப்பு உலர்திராட்சை. அடி கழலும் டின் என்றால் வெளியே அலுமினியத் தாள் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். பெரிய தட்டில் ஓர் அங்குலம் வெந்நீர் விட்டு, அதன் நடுவில் டின்னை வைத்து, 150 டிகிரியில் சுமார் 70 நிமிடம். அந்தத் தண்ணீர் இருப்பதால்தான் ஓரம் காயாமல் நடுவும் சேர்ந்து வேகிறது.

ஒருமுறை கேக் நன்றாக எழும்பி, மேலே நிறம் ஏறத் தொடங்கிய நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் திறந்து பார்க்கச் சொன்னார்கள், நான் கதவைத் தொடவிடவில்லை. உள்ளே வெந்நீர் இருந்ததால் சூடு சட்டென்று இறங்கவில்லை. கரண்ட் வந்ததும் கால் மணி நேரம் கூட்டி வைத்தேன், நன்றாகவே வந்தது. எழும்பும் முன்பே போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

வெந்ததும் உடனே வெளியே எடுக்கக் கூடாது. கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, 20 நிமிடம் அப்படியே விட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் சுருங்கி, கேக் மொத்தமாக உட்கார்ந்துவிடும். நிதானமாக ஆறினாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

தட்டில் வைத்துக் கொண்டுபோனதும் ஆச்சி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஏட்டி, என்ன இந்த ஆட்டம் ஆடுது? வேகலையோ?”

“வெந்துட்டு ஆச்சி, இது இப்படித்தான் இருக்கும்.”

ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். அவளுக்கு இளஞ்சூட்டில்தான் பிடிக்கும். எனக்கு மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பதுதான் பிடித்தம். பஞ்சுத்தன்மை குறைந்து, சீஸ் வாசனை நன்றாகத் தூக்கும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால் துண்டு பிய்யாது. மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். இந்த வெயிலில் வெளியே வைக்காதீர்கள்.