சாண்டா லூசியாவில் கடல் எங்கே?

பழைய காதல் பாட்டுகளின் தடம் பிடித்து இத்தாலியின் நேப்பிள்ஸ் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது சாண்டா லூசியா தெருவில்தான். அந்தப் பாட்டுகளில் அலையடிக்கும், தெருவிலோ ஓட்டலும் ஸ்கூட்டரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரையோரக் கடலைத் தூர்த்துப் புதுக் கட்டடங்கள் எழுப்பியதில், மீனவர் இருந்த பகுதி உள்ளே போய்விட்டது. கடல் பக்கமாக இன்னும் கொஞ்சம் நடந்து, காஸ்டெல் தெல் ஓவோ கோட்டைக்குப் போகும் பாலத்தில் நில்லுங்கள். வளைகுடாவும் வெசூவியஸ் மலையும் தெரியும். 1919-இல் இ. ஏ. மாரியோ எழுதிய 'சாண்டா லூசியா லுந்தானா'வைக் கேட்க அதுதான் இடம். பிழைப்புக்காகக் கப்பலேறியவர்கள் ஊரை நினைத்து ஏங்கும் பாட்டு அது.

இந்தப் பாட்டுகளில் காதலி எங்கே முடிகிறாள், ஊர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. 'கோரே ங்ராத்தோ' (1911), அதாவது நன்றிகெட்ட நெஞ்சம், பிறந்ததே அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களிடம்தான்.

அதே வளைகுடாவின் கரையிலுள்ள சோரெண்டோ ஊருக்கு, நேப்பிள்ஸின் கரிபால்டி நிலையத்திலிருந்து சிர்கும்வெசூவியானா ரயில். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும். கூட்டத்தில் பர்ஸ் பத்திரம். போகும் வழியில் 'தோர்னா அ சுர்ரியெந்தோ', அதாவது சோரெண்டோவுக்குத் திரும்பி வா, பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கடலைச் சொல்லும் தொடக்கம் சோகம் தொனிக்கும் மைனர் ஸ்வர வரிசையில்; தோட்டத்தைக் காட்டும்போது தெளிவாக ஒலிக்கும் மேஜர்; 'போகிறேன் என்கிறாயே' என்னும் இடத்தில் மறுபடி மைனர். நம் கர்நாடக இசைக் கணக்கில், 'க' ஸ்வரத்தின் இரு வகைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே போய்வருகிற பாட்டு. அந்த ஒரு ஸ்வரத்தில்தான் பிரிவே இருக்கிறது. அதைத் தொண்டை கிழியப் பாடும் டெனர்கள், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர்கள், கெடுத்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி. பாட்டு நேப்பிள்ஸ் மொழியில் இருக்கிறது; சொல்லின் கடைசி உயிரெழுத்தை இத்தாலிய மொழிபோல் அழுத்திச் சொன்னாலும் கெட்டுவிடும். நேப்பிள்ஸ்காரர் வாயில் அது பெரும்பாலும் தேய்ந்து மங்கிப்போகும்.

மாண்டலின் பார்க்க இசைக் கல்லூரியை ஒட்டிய சான் செபஸ்தியானோ தெரு. குடம்போன்ற முதுகு, 8 கம்பிகள், 4 ஜோடி, வயலின்போல் ஜி, டி, ஏ, இ சுருதி. மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும் என்பதால், நீண்ட ஸ்வரத்துக்கு, கம்பியை மீட்டும் சிறு தகட்டை மேலும் கீழும் விடாமல் ஆட்டுகிறார்கள். ஜோடிக் கம்பி இரண்டும் ஒரே சுருதியில் சேராவிட்டால் அந்த நடுக்கமே காதைக் குத்தும்.

உணவகத்தில் மேசை மேசையாக வந்து பாடுகிறவர்களுக்குப் பெயர் 'போஸ்தெஜாத்தோரி'. வெளியூர் முகத்தைக் கண்டால் 'ஓ சோலே மியோ'தான் எடுப்பார்கள். முந்திக்கொண்டு 'ஏரா தெ மாஜ்ஜோ' என்று கேளுங்கள். கவிஞர் சால்வத்தோரே தி ஜாகோமோவின் வரிகள், 1885. இரண்டு சரணமும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முதல் சரணத்தில் காதலர்கள் மே மாதத்தில் பிரிகிறார்கள். ரோஜா பூக்கும்போது வருவேன் என்கிறான். அதோடு நிறுத்திவிட்டால் அவன் திரும்பவே மாட்டான்.