திருவதிகைக்குத் தம்பியோடு போனேன்

வேண்டிக்கொண்டது போன ஐப்பசியில், போய்ச் சேர்ந்தது இந்த வைகாசியில். தம்பி எழுந்து நடக்க வேண்டும், நடந்தாலும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும், உட்கார்ந்தாலும் என்னோடு கோயிலுக்கு வரச் சம்மதிக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் கடைசிவரை இழுத்தது. "நீ வேண்டிக்கிட்டா நீ போயேன், நான் எதுக்கு?" என்றான். பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் வந்தான்.

விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இந்த மாதத்தில் பலா வாசனைதான் முதலில் வந்து மூக்கில் ஏறும், அப்புறம்தான் ஊர் கண்ணில் படும். அங்கிருந்து கடலூர் ரோட்டில் சுமார் இரண்டு கிலோமீட்டரில் திருவதிகை. அதிகை வீரட்டானம் என்று தேவாரம் சொல்கிற ஊர் இதுதான். சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லும் எட்டு வீரட்டானங்களில் ஒன்று, அவர் முப்புரம் எரித்த தலம். கெடிலம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. சரி, தலபுராணத்தைக் கோயில் வாசல் கடையில் விற்கும் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

தம்பிக்கு வந்தது கணையத்தில் அழற்சி. குடிதான் காரணம், மறைக்க ஒன்றுமில்லை, இப்போது அவனே எல்லோரிடமும் சொல்கிறான். ஒன்றரை வருடமாக நானும் அவனும் பேசவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் அம்மா என்று ஊரே சொல்லும், ஆனால் அந்த அம்மா எப்போது கத்த வேண்டும் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் எப்போதும் கத்தினேன், ஒருநாள் அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நின்றபோது வயிறு எரிந்து ஒன்று வேண்டினேன். "சாமி, இவனுக்கு ஒரு அடி கொடு, அப்போதான் புத்தி வரும்." இதே வார்த்தைகள்தான்.

மூன்றாவது வாரம் ராத்திரி ஒரு மணிக்கு அவனுடைய நண்பன் போன் செய்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் கண்ணில் பட்டது அவன் முகம் இல்லை, முதுகு. கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இறால் மாதிரி சுருண்டு கிடந்தான். இந்த நோய்க்காரர்கள் அப்படித்தான் முன்னால் குனிந்துகொள்வார்களாம், நிமிர்ந்தால் வலி முதுகு வரை போய்க் குத்துமாம். ரத்தத்தில் லைப்பேஸ் என்கிற கணைய நொதியின் அளவு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அன்று காலை ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள். வெளியே இரும்பு நாற்காலிகள் போட்ட நீளமான வராந்தா. இருபத்து மூன்று நாள் அதுதான் எனக்கு வீடு.

என் கைப்பையில் அப்பாவின் தேவாரப் புத்தகம் ஒன்று எப்போதும் கிடக்கும், அட்டை போய், நடுவில் நூல் விட்டுப்போனது. படிப்பதற்காக வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். அப்பாவின் கையெழுத்து அதில் இருக்கிறது, அதற்காக. இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் பிரித்தபோது நான்காம் திருமுறையின் முதல் பதிகம். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்." வயிற்று வலிக்கு இதைப் பாடச் சொல்வார்கள், எனக்கும் தெரியும். இந்த நோய்க்கு இந்தப் பதிகம், அந்தத் தோஷத்துக்கு அந்தப் பதிகம் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

"தோற்றாது என் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட" என்ற வரி வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். குடலைக் கட்டி இழுத்து ஆளையே முடக்கிப் போட்டுவிட்டது என்கிறார் இதைப் பாடிய அப்பர். நான் காலையில் பார்த்த முதுகு அதுதான். ஏழாம் நூற்றாண்டில் பாடிய ஒருவருக்கு என் தம்பி படுத்திருந்த விதம் எப்படித் தெரிந்தது? கடைசிப் பாட்டில் இன்னும் நேராகச் சொல்கிறார், "வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்" என்று. வேர்க்கிறது, புரள்கிறார், விழுகிறார், எழுகிறார். வலியில் இருக்கிறவனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த நாலு சொல்லும் போதும்.

அதைவிட, இது நான் நினைத்திருந்த மாதிரி பிரார்த்தனையே இல்லை. சண்டை. இரண்டாவது பாட்டில் "அஞ்சேலும் என்னீர்" என்று கேட்கிறார். வலியைத் தீர்ப்பது இருக்கட்டும், பயப்படாதே என்று ஒரு வார்த்தையாவது சொல்லக் கூடாதா என்று அர்த்தம். நாலாவதில் "தன்னை அடைந்தார் வினை தீர்ப்பதன்றோ தலையாயவர் தம் கடனாவதுதான்." பெரிய மனிதர் என்றால் அது உம் கடமை ஐயா என்று சட்டம் பேசுகிறார். ஐந்தாவதில் கரையில் நின்றவர்கள் "நீயே பார்த்துக்கொள்" என்று ஆழமான குளத்தில் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது, கால் ஊன்ற ஒரு துறையும் தெரியவில்லை என்கிறார். பில் கட்டும் கவுண்டரில் மூன்றாவது தடவை என்னைத் திருப்பி அனுப்பியபோது இந்தக் குளம்தான் ஞாபகம் வந்தது.

அதுவரை சாமியிடம் நல்ல பிள்ளையாக நின்று கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அழுதால்கூட முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிடுகிற ஆள் நான். இந்தப் பதிகம் கையில் கிடைத்த பிறகு ராத்திரி ராத்திரி அந்த வராந்தாவில் வாய்க்குள்ளேயே சண்டை போட்டேன். பத்துப் பாட்டும் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது. ஓதுவார்கள் இதைக் கொல்லிப் பண்ணில் பாடுவார்கள், இப்போதைய கணக்கில் நவரோஜ் ராகம், அப்பா அப்படித்தான் இழுத்துப் பாடுவார். எனக்கு ராகமெல்லாம் வராது. முணுமுணுப்புதான். அதனால் தம்பி பிழைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பிழைக்க வைத்தது டாக்டர்களும் நர்ஸுகளும் அந்தக் குளுக்கோஸ் பாட்டில்களும். பதிகம் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது, அவ்வளவுதான். அதுவே அப்போது பெரிய வேலை.

ஆனால் ஒரு முள் இருந்தது. அப்பர் கதை தெரிந்தவர்களுக்கு அது எங்கே குத்தும் என்று புரியும்.

திருவாமூரில் பிறந்த அக்காவும் தம்பியும். அக்கா திலகவதி, தம்பி மருணீக்கியார், பின்னாளில் அப்பர் ஆனவர். திலகவதிக்கு நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார், அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே போய்விட்டார்கள். தானும் உயிரை விடப் போனவள் தம்பிக்காக நின்றுவிட்டாள். "தம்பியார் உளராக வேண்டும் என வைத்த தயா" என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதுகிறார். அந்தத் தம்பி வளர்ந்து, சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்று பெரிய ஆளாகிவிடுகிறார். அக்கா திருவதிகைக்கு வந்து, கோயில் வாசலைப் பெருக்கி, சாணம் மெழுகி, தம்பியைத் திருப்பிக் கொடு என்று தினமும் வேண்டுகிறாள். ஒருநாள் கனவில் பதில் வருகிறது: கவலையை விடு, "சூலை மடுத்து ஆள்வம்" என்று. வயிற்று நோயைக் கொடுத்து ஆட்கொள்ளப் போகிறேன் என்கிறார் சிவன்.

சின்ன வயதில் கேட்டபோது இது இனிப்பான கதை. இப்போது கேட்டால், அக்கா வேண்டினாள், தம்பிக்கு வலி வந்தது. பெரியபுராணம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. கனவு கலைந்து எழுந்த அந்தப் பெண் அன்று காலை எப்படி வாசல் பெருக்கினாள்? நான் கேட்டது அதை மட்டும்தான், திரும்பத் திரும்ப. அவளாவது தம்பி திரும்பி வர வேண்டும் என்று கேட்டாள். நான் அடி கொடு என்றே கேட்டவள். ஐசியூ கதவைப் பார்த்துக்கொண்டு இதை யாரிடம் சொல்ல முடியும்? திருவதிகைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டது சிவனுக்காகக்கூட இல்லை, அங்கே திலகவதியாருக்கு ஒரு சன்னிதி இருக்கிறது, அதற்காக.

கோயிலுக்கு நாங்கள் போனபோது மணி பத்தரை. கோபுர வாசலில் இரண்டு பக்கமும் நடனச் சிற்பங்கள், நின்று பார்த்தால் அதுவே ஒரு மணி நேரம் ஆகும். தம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "நீ போய்ட்டு வா, நான் வெளியில இருக்கேன்" என்றான். சுந்தரர்கூட இந்த ஊருக்குள் வரவில்லை தெரியுமா என்றேன். அப்பர் புல் செதுக்கும் உழவாரத்தோடு கைத்தொண்டு செய்த மண்ணில் கால் வைப்பது தப்பு என்று வெளியே சித்தவட மடத்தில் தங்கினார், அங்கே ராத்திரி ஒரு கிழவர் வந்து படுத்துக்கொண்டு அவர் தலையில் காலை வைத்துக்கொண்டே இருந்தார், நகர்ந்து படுத்தாலும் அங்கேயும் கால், கடைசியில் பார்த்தால் அது சிவன். "அவர் மரியாதைக்கு வெளிய இருந்தாரு, எனக்குக் கால் வலிக்குதுக்கா" என்றான் தம்பி. சரிதான்.

உள்ளே கூட்டமில்லை. கருவறையில் பெரிய லிங்கம், பதினாறு பட்டை, விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக விழுகிறது. விமானம் தேர் மாதிரி, சுதைச் சிற்பங்களோடு. முப்புரம் எரிக்கத் தேரேறி வந்தவருக்குத் தேராகவே கோயில். நின்று கும்பிட்டேன், பதிகத்தின் முதல் பாட்டை மட்டும் சொன்னேன். அங்கே சொன்னபோது குரல் சண்டைக்காரக் குரலாக வரவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு திலகவதியார் சன்னிதி. சின்னது. கூப்பிய கையோடு ஒரு பெண், அவ்வளவுதான். நானும் தயார் செய்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. ஏழு மாதமாகக் கேட்ட கேள்வி அங்கே வந்ததும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. தம்பி வலியோடு ராத்திரியில் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது அவள் "நான்தான் கேட்டேன்" என்றும் சொல்லவில்லை, "அப்போதே சொன்னேனே" என்றும் சொல்லவில்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தாள். விடியுமுன் துடைப்பத்தையும் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, வா என்று கோயிலுக்குக் கூட்டிப் போனாள். வழக்கமான வேலைக்குப் போகிற போக்கில். அந்தப் பதிகம் பிறந்தது அந்த விடியற்காலையில்தான்.

திரும்பி வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். விளக்கு, வெள்ளிக்கிழமை, அடி கொடு என்று வேண்டியது, எல்லாம். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "குவார்ட்டர் வாங்கினது நான், நீ எதுக்குக்கா பங்குக்கு வர்ற?" என்றான். அப்புறம், "லைப்பேஸ் என்ன, நீ விளக்கேத்துறதைப் பார்த்தா ஏறுச்சு?" நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

கையிலிருந்த புத்தகத்தை அவன்தான் வாங்கிப் புரட்டினான். கூற்றாயினவாறு முடிந்து அடுத்த பக்கம், இரண்டாம் பதிகம். பல்லவ அரசன் ஏவிய யானை எதிரே வந்தபோது பாடியது. அதிலும் இதே அதிகை வீரட்டானம்தான், இதே கெடிலம்தான். எழுத்துக்கூட்டி வாசித்தான்: "கெடிலப் புனலும் உடையார் ஒருவர் தமர் நாம், அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை." முந்தின பக்கத்தில் அஞ்சாதே என்று சொல்ல மாட்டீரா எனக் கேட்டவர் இவர்தானா என்றான். இவர்தான் என்றேன். ஒரு பக்கம் திருப்பினால் போதும், இத்தனை மாதம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் கவனிக்கவில்லை. முதல் பதிகத்தைத் தாண்டிப் போகவே இல்லை நான்.

"நடுவுல என்ன ஆச்சு அவருக்கு?"

"சூலை போச்சு. நாவுக்கரசுன்னு பேர் கிடைச்சுது. அப்புறம் சுண்ணாம்புக் காளவாயில போட்டாங்க, விஷம் கொடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் யானை."

"அப்ப கஷ்டம் நிக்கல."

"நிக்கல. இதுக்கப்புறம் கல்லைக் கட்டிக் கடல்லயும் போட்டாங்க."

எழுந்து ரோட்டைத் தாண்டி ஆற்றைப் பார்க்கப் போனோம். வைகாசியில் கெடிலத்தில் தண்ணீர் ஏது, மணலும் முள்ளுமாகக் கிடந்தது. தம்பி அதைப் பார்த்து "புனல்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டில் பலாச்சுளை விற்கிற அம்மாவிடம் வாக்குப்படி எனக்கு ஆறு சுளை வாங்கினேன், அவனுக்கு ஒன்று. ஒன்றுதான், டாக்டர் சொன்னது. கொட்டைகளைக் காகிதத்தில் தனியாகக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டான், ராத்திரிக் குழம்பில் போட வேண்டுமாம். குழம்பு நீ வைக்கிறாயா என்றேன். "நான் வைக்கிறேன், நீ கத்தாம உட்காரு" என்றான்.