சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று

நான் வரைந்த முதல் வரைபடத்தில், ஏரல் பக்கத்து மேட்டுத்தெரு ஒன்றுக்குப் பச்சை வண்ணம் கொடுத்திருந்தேன். பச்சை என்றால் பயமில்லை என்று பொருள். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தாமிரபரணி கரை மீறி, வயலும் வாழைத்தோட்டமும் தெருவும் ஒரே வெள்ளக்காடாகக் கிடந்தன. அப்போதும் அந்த மேட்டில் தண்ணீர் ஏறவில்லை. அதை வைத்துத்தான் பச்சை கொடுத்தேன்.

ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரை உள்ள ஊர்களில், எந்தத் தெரு எந்த நோய்க்கு ஆளாகக்கூடும் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறிப்பது எங்கள் வேலை. தரைமட்டம், சாக்கடை, கூரை, வீட்டிலுள்ள முதியோர், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று படிவத்தில் எல்லாம் இருந்தது. மாதம் மட்டும் இல்லை.

சித்திரையில் அதே தெருவுக்கு மறுபடி போனேன். மேடு என்பதால் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை லாரி வந்தால் உண்டு. வாசல்தோறும் டிரம்கள். ஓர் ஆச்சி தன் வீட்டு நீல டிரம்மின் வாயைப் பழைய சேலைத்துணியால் கட்டியிருந்தார். ஓர் ஓரம் கிழிந்திருந்தது. டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.

“கொட்டிவிடுங்கள், ஆச்சி.”

“கொட்டிவிட்டு ஆறு நாளைக்கு எதைப் புழங்க, ராசா?”

எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் வேட்டித்துணியை இரண்டாக மடித்து, பக்கத்து வீட்டுக் காலி டிரம்மில் தண்ணீரை வடிகட்டி ஊற்றினோம். உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார் ஆச்சி. தேய்ப்பதுதான் முக்கியம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டினாற்போல முட்டையிடும். அந்த முட்டை காய்ந்து கிடந்தே பல மாதம் உயிர் தாங்கும். மறுபடி தண்ணீர் தொட்டால் பொரிந்து, பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேறு. இரவு பத்து மணிக்கும் வெக்கை இறங்குவதில்லை என்றார் ஆச்சி. இந்த வீட்டுக்கா பச்சை கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

பள்ளத்தெருவின் நிலை நேர் எதிர். சித்திரையில் அங்கே அடிகுழாயில் தண்ணீர் உண்டு, வேப்பமர நிழல் உண்டு. மார்கழியில்தான் ஆபத்து. பிசானப் பருவத்து நெல்வயலில் நிற்கும் கால்களில் சேற்றுப்புண். வெள்ளநீரில் கலந்த எலியின் சிறுநீர் அந்தப் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். அது உடனே காட்டாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் அடிக்கும். நிவாரண வண்டிகளும் மருத்துவ முகாம்களும் திரும்பிப்போன பிறகு, யாரும் கவனிக்காமல் வீட்டுக்குள் கிடந்து காய்கிற காய்ச்சல் அது. அந்த இரண்டு வாரத்தை எந்த வண்ணத்தில் காட்டுவது?

ஒரு தெருவுக்கு ஒரே வண்ணம் என்பது மேலிடத்து விதி. அறிக்கை படிக்கச் சுலபம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தில் தரைகூட ஒரே இடத்தில் நின்றதில்லை. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கையிலிருந்து இன்று கடலைப் பார்க்கச் சில கிலோமீட்டர் போக வேண்டும். இடையில் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். அப்படியிருக்க, கோடைக்கும் மழைக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்? வாதாடி, சித்திரை, ஆடி, ஐப்பசி, மார்கழி என நான்கு தாள்களாகப் பிரித்தேன். ஆடியில் பொதிகையில் பெய்கிற மழை ஆற்றில் ஓடி வரும். கீழே எங்கள் ஊர்களில் காற்றும் புழுதியும்தான்.

தாள்களை ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“தை எங்கே, சார்?” என்றார். “தோட்டத்தில் புல் அறுக்கப் போகிறவர்கள் அப்போதுதான் அதிகம் வருகிறார்கள். காய்ச்சல் இருக்கும். அக்குளில் கறுத்த பொருக்கு இருக்கும்.”

உண்ணிக்காய்ச்சல். புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்த தடம் அந்தப் பொருக்கு. சட்டையைக் கழற்றிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது. ஐந்தாவது தாளை அவர் மேசையிலேயே விரித்து, அவர் தெருத் தெருவாகச் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.