பட்டம் இல்லாமல் நெட்வொர்க் வேலைக்கு: ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பொறியியல் கல்லூரிகளுக்கே போய் ஆள் எடுக்கின்றன. அவற்றில் பலவற்றின் விண்ணப்பப் படிவத்தில் பட்டத்தைக் குறிப்பிடாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டுத் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இருக்கிற பிள்ளைகள் அந்தப் படிவங்களில் மாதங்களைக் கழிக்க வேண்டாம். நெட்வொர்க், சிஸ்டம் பராமரிப்பு, ஹெல்ப் டெஸ்க் ஆகிய மூன்றிலும் கைவேலையைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள். நாங்கள் உள்ளே வந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். டேட்டா என்ட்ரியை இதோடு சேர்க்காதீர்கள். அதிலிருந்து மேலே போக வழி கிடையாது.

படிக்க இரண்டு நல்ல இடங்கள் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கோபா என்ற கணினி இயக்கப் பிரிவு ஓராண்டு. பத்தாம் வகுப்பு தேறினால் போதும். ஜோஹோ ஸ்கூல்ஸ் 2005 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறது. இரண்டும் அமையாதவர்கள் ஊரில் ஃபைபர் இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டரிடம் கொஞ்ச காலம் வேலை பாருங்கள். அந்த அனுபவத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஃபைபரில் வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் -8 முதல் -27 டி.பி.எம். (அந்த வலிமையின் அலகு) வரை இருந்தால் சிக்னல் சரி, -27-க்குக் கீழே போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும் என்பதைக் கம்பத்தடியில் நின்று கற்றவனுக்கு நேர்காணலில் பயம் வராது. நம் கரையில் உப்புக் காற்று பட்டு நெட்வொர்க் கேபிளின் ஆர்.ஜே.45 முனைகள் அரித்துப்போகும். அப்போது நெட் முழுதாக நிற்காது, 1000 எம்.பி.பி.எஸ். இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். 1000-க்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும் என்பதுதான் காரணம். முனையை வெட்டிவிட்டு டி568பி என்ற கம்பி நிற வரிசையில் புது முனையைக் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்): வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

வீட்டுப் பயிற்சிக்கு 16 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய லேப்டாப் போதும். வாங்கும்போதே ரேம் கூட்ட ஸ்லாட் காலியாக இருக்கிறதா பாருங்கள். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸைப் போடுங்கள். அதில் 32 பிட் மட்டும் காட்டினால், லேப்டாப் தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். கீழே ஆமைப் படம் தெரிந்து வேகம் குறைந்தால் விண்டோஸில் இதே வேலையைச் செய்யும் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ், பக்கத்தில் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழக இலவசமாகக் கிடைக்கும் பேக்கெட் டிரேசர். 192.168.10.0/24 என்ற 256 முகவரி கொண்ட நெட்வொர்க்கை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் /26, அதாவது 64 முகவரி; முதலும் கடைசியும் போக 62 பயன்படும். இந்தக் கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் போட வர வேண்டும்.

நேர்காணலில் எங்கே போனாலும் வருகிற கேள்வி ஒன்று உண்டு: “ஒரு ஊழியருக்கு நெட் வரவில்லை, என்ன செய்வீர்கள்?” ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வேன் என்றால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். அவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று முதலில் கேளுங்கள். பிறகு போர்ட்டில் விளக்கு எரிகிறதா, அடுத்து ஐ.பி. முகவரி என்ன. 169.254 என்று தொடங்கினால், தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை; கேபிள், வி.லேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), டி.எச்.சி.பி. சர்வர் மூன்றையும் பார்க்க வேண்டும். முகவரி சரியென்றால், வெளியே போகும் வாசலான கேட்வேக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), அதன்பின் இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு பிங். 8.8.8.8 பதில் சொல்லியும் தளம் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். மேல்தான் முதல் சந்தேகம். கேட்வே பதில் சொல்லாததை மட்டும் வைத்து அது செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். பிங்கைத் தடுத்து வைத்திருக்கலாம். இந்த வரிசையும் ஒவ்வொரு படியிலும் எதை விலக்கினோம் என்ற விளக்கமும் வாயில் தடையில்லாமல் வர வேண்டும். பேக்கெட் டிரேசரில் நீங்களே பழுதை உண்டாக்கிக் கண்டுபிடியுங்கள்: கேட்வேயை மாற்றிப் போடுங்கள், பல வி.லேன்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பில் ஒரு வி.லேனை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் அறிகுறி, சோதித்தது, காரணம், தீர்வு என நாலு வரி எழுதி கிட்ஹப் என்ற இணையதளத்தில் போடுங்கள். வேலையில் டிக்கெட் (பழுதுப் பதிவு) எழுதுவதும் இதேபோலத்தான்.

நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோ நிறுவனச் சான்றிதழ் சி.சி.என்.ஏ. அதன் தேர்வு எண் 200-301, கட்டணம் 300 டாலர், மேலே வரி. மூன்று ஆண்டு செல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் அப்போது இவ்வளவு பணம் புரட்டுவது கஷ்டம். தேர்வை அதற்கு முன்போ, தள்ளியோ வையுங்கள். பதிவில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்குச் சிக்கல் இனிஷியலில் வருகிறது: ஒன்றில் எழுத்தாகவும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகவும் இருந்தால் மையத்தில் திருப்பி அனுப்பலாம், பணமும் திரும்பாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள், அந்த பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு பொய் அனுபவச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யு.ஏ.என். எண் விவரத்தைக் கேட்பார்கள், எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்தபின் பிடிபட்டால் வேலையும் போய், அந்த நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாமல் போகும். மூலச் சான்றிதழையும் வைப்புத்தொகையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை பெரும்பாலும் சென்னையில், சுழற்சி முறை இரவு ஷிஃப்டோடு வரும். சேர்ந்து நிலைத்ததும் இக்னோ தொலைதூரப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. என்ற கணினிப் பட்டப்படிப்புப் போடுங்கள்; பிளஸ் டூ போதும், குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. வளைகுடா போக நினைக்கும் கீழக்கரைப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக உதவும், சில நாடுகளில் விசாவின் பதவிப் பெயரே சான்றளிக்கப்பட்ட பட்டத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கிறது.