நூலகத்தில் ஒரு நாள் ஹேக்கத்தான்: பட்டியலில் தொலைந்த பூஜ்ஜியங்கள்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு எங்கள் நூலகத்திலேயே ஒரு நாள் ஹேக்கத்தான், அதாவது குழுவாகக் கூடி நிரல் எழுதும் போட்டி, நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எனக்கு நிரலாக்கம் அரைகுறையாகத்தான் தெரியும். 'ஹேக்' என்ற சொல்லைக் கேட்டதுமே, பிள்ளைகளுக்குக் கணினித் திருட்டைக் கற்றுக்கொடுக்கப் போகிறோமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் 1999இல் ஒன்றுகூடி நிரல் எழுதிய சந்திப்புக்கு வழங்கிய பெயரே 'ஹேக்கத்தான்' என்று விளக்கிய பிறகே ஒப்புதல் படிவங்கள் கையெழுத்தாகித் திரும்பின.

எங்கள் பொதுக் கணினிகளில் புதிதாக எதையும் நிறுவ முடியாது. அணைத்து மீண்டும் இயக்கினால், முந்தைய பயனர் சேமித்தவை அனைத்தும் அழிந்துவிடும். பொது இடத்துக்கு ஏற்ற ஏற்பாடுதான். ஹேக்கத்தானுக்கு அது பெரும் ஆபத்து. ஆகவே இளையோருக்குக் கட்டங்களை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச், மூத்தோருக்கு எழுதி நிரலமைக்கும் பைத்தான் மொழி என இரண்டையும் உலாவியிலேயே இயங்கும் வகையில் அமைத்து, குழுவுக்கு ஒரு பென் டிரைவும் கொடுத்தோம். அப்படியும் ஒரு குழு, கணினி உறைந்துவிட்டதென்று மின்பொத்தானை அழுத்தி, ஒன்றரை மணிநேர உழைப்பை இழந்தது.

பொதுவான தலைப்புகளைத் தவிர்த்து, நூலகத்தின் அன்றாடச் சிக்கல்களையே போட்டிக்குக் கொடுத்தேன். நான்கு பேர் கொண்ட ஒரு குழு, எங்கள் நூற்பட்டியலில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்கள் (நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்கள்) சரியானவையா என்று சோதிக்கும் நிரலை எடுத்துக்கொண்டது. 2007 முதல் இந்த எண் 13 இலக்கங்களைக் கொண்டது. அதற்கு முன் 10 இலக்கங்கள். பழைய எண்ணின் முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல், இப்படியே இறங்கி, கடைசி இலக்கத்தை 1ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கணக்கு எளிது, அரை மணிநேரத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் பழைய நூல்களில் பெரும்பாலானவற்றை நிரல் 'பிழை' என்றது.

ஒரு மணிநேரம் தங்கள் நிரலையே சந்தேகித்து வரிவரியாகத் துருவிய பின், அவர்களில் ஒரு மாணவி எழுந்து அடுக்குக்குப் போய் ஒரு பழைய ஆங்கில நூலை எடுத்து வந்தார். அதன் பதிப்புரிமைப் பக்கத்தில் விரலை வைத்து, திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். "சார், புத்தகத்துல முன்னாடி ஒரு ஜீரோ இருக்கு, உங்க லிஸ்ட்லதான் காணோம்."

தவறு என்னுடையது. பட்டியலைக் கொடுப்பதற்கு முந்தைய இரவு, அதை விரிதாளில் (கட்டங்களில் தரவை இடும் மென்பொருளில்) திறந்து, வேண்டாத நிரல்களை நீக்கிச் சேமித்திருந்தேன். நிரல்கள் என்று இங்கே சொல்வது விரிதாளின் நெடுவரிசைகளை; கணினி நிரலுக்கும் இதற்கும் ஒரே சொல் இருப்பது அன்று முழுவதும் குழப்பியது. விரிதாள் அந்த எண்களை வெறும் எண்ணிக்கைகளாகக் கருதி, முன்னால் நின்ற பூஜ்ஜியங்களைக் கேட்காமலே நீக்கிவிட்டது. 13 இலக்க எண்களில் பலவற்றையும் சுருக்கிச் சிதைத்திருந்தது. நூலக மென்பொருளிலிருந்து பட்டியலை மீண்டும் இறக்கி, விரிதாள் பக்கமே போகாமல் அவர்களிடம் கொடுத்தேன். ஐஎஸ்பிஎன் என்பது கூட்டிக் கழிக்கும் எண் அன்று, இலக்கங்களால் ஆன பெயர். அதை எழுத்துச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் தொடராகவே, கணினி படிக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள்.

மாலையில் ஒவ்வொரு குழுவுக்கும் செயல்விளக்கத்துக்கு ஐந்து நிமிடம். நடுவர் ஒருவர், எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்த நூலை நீட்ட, இந்தக் குழுவின் நிரல் அங்கேயே நின்றுபோனது. கடைசி இலக்கத்தின் மதிப்பு 10 ஆக வரும்போது ரோமானிய எக்ஸ் இடப்படும் என்பது அவர்கள் கவனத்தில் இல்லை. பரிசு, தவணை நாளை நினைவூட்டும் ஸ்கிராட்ச் விளையாட்டுக்குப் போனது. அதில் எனக்கு முழு உடன்பாடில்லை என்றாலும், அது தடங்கலின்றி இயங்கியது உண்மை.

அடுத்த சனிக்கிழமை அந்த நால்வரும் திருத்திய நிரலோடு வந்து, முழுப் பட்டியலையும் ஓட்டினார்கள். பிழையான எண்கள் 14 அகப்பட்டன. அவற்றுள் ஒன்பது, நானே தட்டச்சு செய்தவை.