வீட்டில் டே கேர் நடத்துவோருக்கு: பெற்றோரிடம் எதை எப்போது எப்படிச் சொல்வது

"அக்கா, இன்னைக்கு மட்டும் பத்து நிமிஷம் லேட்டாகும்." வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இந்தச் செய்தி ஒருநாள் வரும். முதல் முறை "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிடுவோம். நான்காவது வாரம் அது அரை மணி நேரமாகியிருக்கும், செய்தியும் வராது. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. வேலை நடப்பது உங்கள் வீட்டில். மாலைக்குப் பிறகும் நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். வேலை எந்த நிமிடத்தில் முடிகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் அதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தை வந்து சேரும் முன்பே எழுத வேண்டும். சேர்ந்து ஒரு மாதம் ஆன பிறகு சொல்லும் எந்த விதியும் பெற்றோருக்குத் தங்கள் மேல் வைத்த புகாராகவே கேட்கும்.

இரண்டு பக்கம் போதும். இரண்டு பிரதி எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பாமல், உட்கார வைத்து ஒவ்வொரு பத்தியாக நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இருபது நிமிடம் ஆகும். முகம் எந்த இடத்தில் சுருங்குகிறதோ, பிற்பாடு தகராறு வரப்போவதும் அநேகமாக அந்த இடத்தில்தான். அங்கேயே நிறுத்திப் பேசிவிடுங்கள்.

நேரம் எழுதும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். "மாலை 5:30 வரை" என்று மட்டும் எழுதினால், 5:30க்கு வாசலில் வந்து நிற்கலாம் என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். செருப்புப் போட்டு, பையை எடுத்து, அன்றைய விஷயம் பேசி முடிக்க இன்னும் பத்து நிமிடம் ஆகிவிடும். "5:20க்குள் வர வேண்டும், 5:30க்குக் குழந்தையோடு கிளம்பியிருக்க வேண்டும்" என்று இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்.

தாமதக் கட்டணத்தைப் பொறுத்தவரை ஓர் ஆய்வை அறிந்திருப்பது நல்லது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் தாமதமாக வருவதை உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் கணக்கெடுத்து 2000இல் வெளியிட்டார்கள். அவற்றில் 6 இடங்களில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் சிறிய அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. அதுவரை "அவங்களைக் காக்க வைக்கிறோமே" என்று உறுத்திய மனம், காசு கொடுத்ததும் அதை விலைக்கு வாங்கிய நேரமாக எண்ணத் தொடங்கிவிட்டது. ஆகவே உங்கள் வழக்கமான மணிக்கணக்குக்குச் சமமான தொகையை ஒருபோதும் வைக்காதீர்கள். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும், வழக்கமான வீதத்தைப் போல இரண்டு மடங்காவது வையுங்கள். அதைவிட முக்கியமாக, எண்ணிக்கையைச் சேர்த்துவிடுங்கள்: ஒரே மாதத்தில் மூன்றாவது தாமதம் வந்தால், உட்கார்ந்து பேசி நேரத்தையே மாற்றி எழுதுவோம், அது முடியாவிட்டால் இடம் தொடராது. எண்ணிக்கையைக் காசால் தீர்க்க முடியாது, அதனால்தான் அது வேலை செய்கிறது.

மாதக் கட்டணம் முன்கூட்டியே வர வேண்டும். அது குழந்தைக்கு ஒதுக்கிய இடத்துக்கானது, வந்த நாட்களுக்கானது இல்லை என்று எழுதுங்கள். "நாலு நாள் வரலையே, கழிச்சுக்கலாமா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். நீங்கள் பார்த்துக்கொள்ளக்கூடிய குழந்தைகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. அந்த நாலு நாளுக்கு மட்டும் வேறொரு குழந்தையை அந்த இடத்தில் சேர்க்க முடியாது. உங்கள் விடுமுறை நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதியோடு கொடுத்துவிடுங்கள். உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால் குழந்தையை யார் பார்ப்பார் என்ற ஏற்பாடு பெற்றோருடையதா, உங்களுடையதா என்பதையும் எழுதுங்கள்; இதை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் மனக்கசப்பு வருவது காய்ச்சலில்தான். வேலைக்கு லீவு கிடைக்காத அம்மா, அப்பாவின் தவிப்பு உண்மையானது. ஆனால் மற்ற குழந்தைகளும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். விதியில் எண்கள் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல். காய்ச்சலைக் குறைக்கும் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் மட்டும் திரும்ப வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு. உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறை இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதையே எழுதுங்கள்.

"மருந்து இல்லாமலே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் குழந்தை வாசலில் சிரித்துக்கொண்டே வரும். 4 முதல் 6 மணி நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கி, மதியத்துக்குள் உடம்பு கொதிக்கும். அதற்குள் எல்லோரும் ஒரே பொம்மையை வாயில் வைத்திருப்பார்கள். எனவே வாசலில் "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "காலைல ஏதாவது மருந்து கொடுத்தீங்களாம்மா?" என்று தினமும் எல்லோரிடமும் கேளுங்கள். எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் சந்தேகப்பட்டதாகத் தோன்றாது. கூப்பிட்டால் எத்தனை நிமிடத்துக்குள் வந்து அழைத்துப் போக வேண்டும், பெற்றோர் கிடைக்காவிட்டால் வரக்கூடிய இருவர் யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். மருந்து கொடுக்கச் சொன்னால், குழந்தையின் பெயரோடு, வாங்கிய பெட்டியிலேயே இருக்க வேண்டும். அளவு, நேரம், கையெழுத்து எழுத்தில் வேண்டும். புதிய மருந்தின் முதல் வேளையை வீட்டிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டு வரட்டும், ஒவ்வாமை வந்தால் பெற்றோர் அருகில் இருப்பார்கள்.

பேரமே பேசக் கூடாதவை சில உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைப்போம். தொட்டிலில் தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை கிடையாது. "எங்க வீட்ல கவுந்து படுத்தாத்தான் தூங்குவான்" என்றாலும் பதில் இதுவே. பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் குழந்தையை அனுப்ப மாட்டோம், அவர் தாத்தாவே ஆனாலும். "இன்னைக்கு ஒரு நாள் இவ தங்கச்சியையும் பார்த்துக்கிறீங்களா?" என்பதும் எண்ணிக்கையை மீறுமானால் இதே வரிசைதான்.

வேறு சிலவற்றில் விட்டுக்கொடுக்க இடம் உண்டு. "பகல்ல தூங்க வைக்காதீங்க, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் முழிச்சிருக்கா" என்பது நியாயமான தவிப்பு. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. மூன்றரை வயதுக் குழந்தை என்றால் 45 நிமிடத்தில் எழுப்பிவிட ஒப்புக்கொள்ளலாம். கண் சொருகும் குழந்தையைத் தூங்கவே விடாமல் வைத்திருக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாட்ஸ்அப்புக்கும் நேரம் வையுங்கள். மதியத் தூக்க வேளையில் நீங்களே ஒரு படம், இரண்டு வரி அனுப்புவதாகச் சொல்லுங்கள், கேட்பதற்கு முன்பே செய்தி வந்துவிட்டால் "சாப்பிட்டானா?" என்ற கேள்விகள் பாதியாகக் குறையும். அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் செய்தி. இரவு ஒன்பதரைக்கு வந்த கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னால், ஒன்பதரையும் அலுவல் நேரம் ஆகிவிடும். தோன்றும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்புங்கள்.

மறுக்கும்போது பெரும்பாலோர் சறுக்குவது நீண்ட காரணத்தில். "என் பையனை கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகணும், அதான்" என்றால், "கிளாஸ் இல்லாத நாள்ல பரவாயில்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். காரணம் நீள நீள, பிடித்துப் பேச அவ்வளவு இடம் கிடைக்கும். "ஆபீஸ்ல இழுத்துடுச்சுன்னு புரியுதும்மா. 5:30க்கு மேல என்னால வச்சுக்க முடியாது. பட்டியல்ல இருக்கிற ரெண்டு பேர்ல யாரை அனுப்புறீங்க?" மூன்றே வாக்கியம், பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், நிரப்பாதீர்கள். குழந்தையின் தலைக்கு மேல் நின்று இதைப் பேசவும் கூடாது. இரண்டு வயதுக் குழந்தைக்கும் குரல் மாறுவது தெரியும். "இதை ராத்திரி ஏழு மணிக்குப் போன்ல பேசலாமா?" என்று தள்ளி வையுங்கள்.

வாசலில் அம்மாவும் நீங்களும் சேர்ந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில்தான் குழந்தை சோபாவில் ஏறிக் குதிக்கும். யார் சொல்லைக் கேட்பது என்று அது பார்க்கிறது. கேட்டைத் தாண்டும் வரை இந்த வீட்டு விதி, சொல்வது நீங்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். காலையில் விடும்போது கட்டிப்பிடித்து ஒரே ஒரு டாட்டா; சொல்லாமல் நழுவுவதும், அழுகை கேட்டு மூன்று முறை திரும்பி வருவதும் அழுகையை நீட்டிக்கும்.

ஏற்கெனவே விதியில்லாமல் நடத்தி வருபவர்கள், ஒரு தேதி குறித்து, ஒரு மாதம் முன்பே எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். மீறுபவருக்கு மட்டும் கொடுத்தால் அது சண்டையாகும். சொந்தக்காரர் பிள்ளை, தோழி பிள்ளை என்றாலும் அதே தாள், அதே கையெழுத்து. அதன் பிறகும் மீறல் தொடர்ந்தால், முதலில் வாய்மொழியாக, அடுத்து தேதியிட்ட செய்தியாக, மூன்றாவதாக ஒப்பந்தத்தில் எழுதிய அறிவிப்புக் காலத்தோடு இடத்தை முடித்துக்கொள்ளும் கடிதமாகச் சொல்லுங்கள். கடைசி நாளில் மாற்று உடை, மீதி மருந்து, முன்பணக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தயாராக வையுங்கள். குழந்தையிடம் மட்டும் அவசரமில்லாமல் விடைபெறுங்கள்.